உப்பும் புளியும் போட்டுத் தேய்த்த சைக்கிள்

உப்பளத்து மேஸ்திரி என்னைப் பார்த்து, "ஏம்மா, உன்னாண்ட சைக்கிள் இருக்குதா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் ஓடுகிற சைக்கிள் எதுவும் இல்லை. நாலு பேர் நடுவில் யாராவது என்னிடம் நேராகக் கேள்வி கேட்டால் எனக்குக் காது சூடாகிவிடும். சீக்கிரம் விட்டால் போதும் என்று தலை தானாக ஆடிவிடும். நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அப்படியே ஓட்டியிருந்தேன்.

"அப்ப சரி. அடுத்த வாரம் போயி அதுக்கடுத்த திங்கக்கெழமையிலேர்ந்து கடைசிப் பாத்திக்குத் தண்ணி கட்டுற வேல உனக்கு. ஆறு மணிக்கு மடையாண்ட நிக்கணும். மொத நாளே லேட்டா வந்தேன்னா வேற ஆளப் பாத்துக்குவேன், அப்பறம் கோச்சிக்கக் கூடாது."

இது 2006-ல், மரக்காணத்தில் உப்பு வாரத் தொடங்கியிருந்த மாசி மாதத்தில் நடந்தது. அதற்கு முன் பதினாறு வருஷம் நான் உப்புக்கூடையைத் தலையில் சுமந்தேன். கழுத்து ஒரு பக்கமாகத்தான் திரும்பும். கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவேன். தண்ணீர் கட்டுகிற வேலைக்குக் கையில் ஒரு மண்வெட்டி போதும். மடையைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், பாத்தியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தலைமேல் ஒன்றும் இருக்காது. நினைத்தாலே கழுத்து லேசானது. ஆனால் கடைசிப் பாத்திக்கு எங்கள் தெருவிலிருந்து நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். சமைத்து வைத்துவிட்டு நடந்து போய் ஆறு மணிக்கு மடையில் நிற்பது நடக்கிற காரியம் இல்லை. சைக்கிள் இருந்தால் அரை மணி.

பாத்தியை விட்டு வெளியே வந்ததும் என் ஓரகத்தி பிடித்துக்கொண்டாள். என் கணவரின் அண்ணன் மனைவி. என்னோடு கூடை சுமப்பவள். என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"ஏண்டி, உனக்கு ஏதுடி சைக்கிளு?"

"இல்லக்கா."

"அப்பறம் இன்னாத்துக்கு மாடு மாதிரி தலைய ஆட்டின?"

"கேட்டாருக்கா…"

"நல்லவேள, யான இருக்குதான்னு கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, சைக்கிளை நாங்களே பூட்டிவிடுவது என்று வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டோம். புதிது வாங்க வசதி இல்லை. ஓட்ட எனக்குத் தெரியும். சிறுவயதில் வாடகை சைக்கிளில் பழகியிருக்கிறேன்.

வீட்டுச் சுவரோரம் என் கணவரின் பழைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பெடல் பூட்டுகிற இடத்தில் உப்புக்காற்று தின்று ஃபிரேம் முறிந்துபோயிருந்தது. பின் சக்கரம், செயின், பெடல் மூன்றும் தேறும். "கழட்டறத வேணும்னா கழட்டிக்கோ. பூட்டறது உன் பாடு" என்றார் அவர். உப்பு மூட்டை ஏற்றும் லாரியில் போய்வருபவர் அவர். சைக்கிள் ஞாபகமே அவருக்கு இல்லை.

ஸ்பேனர் கேட்கக் கடைத்தெருவுக்குப் போனபோது நான் சைக்கிள் கடைக்கு எதிர்ப்பக்கமே நின்றுகொண்டேன். ஓரகத்திதான் உள்ளே போனாள். "ஏம்பா, ரெண்டு ஸ்பேனர் குடு. வச்சிக்கினு குடித்தனமா பண்ணப் போறோம், பத்து நாள்ல தந்துடறோம்" என்று அவள் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

கழற்றும்போது நான் ஒரு வேலை செய்தேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் அதைச் சொல்வேன். எந்த நட்டை முதலில் கழற்றினேனோ அதை முதலில் ஒரு கயிற்றில் கோத்தேன். அடுத்தது, அதற்கடுத்தது என்று பூ தொடுப்பது போலக் கோத்துக்கொண்டே போனேன். பூட்டும்போது கயிற்றின் கடைசியிலிருந்து உருவினால் போதும், எது எங்கே என்று தேட வேண்டாம். இடது பெடல் மட்டும் எங்களைப் படுத்திவிட்டது. இரண்டு பேரும் ஸ்பேனரில் தொங்கினோம், அசையவில்லை. ஓரகத்தி கோபத்தில் எதிர்ப்பக்கமாக ஒரு உதை விட்டாள். உடனே கழன்றது. இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

ஃபிரேமுக்குப் பஸ் ஏறிப் பெரிய முதலியார்சாவடி போனோம். அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில், சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கிற வெள்ளைக்காரர்கள் ஓட்டிப் போட்ட சைக்கிள்கள் வரும் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஃபோர்க், ஹேண்டில், பிரேக், கேரியரோடு லேடீஸ் ஃபிரேம் ஒன்று கிடைத்தது. விரலால் சுண்டிப் பார்த்தேன், நன்றாகக் கணீரென்றது. உள்ளே துரு தின்ற குழாய் அப்படிக் கணீரென்று சத்தம் தராது, மந்தமாகத்தான் கேட்கும். முன்சக்கரமாக ஒரு வெளிநாட்டுச் சக்கரம் எடுத்தோம். ரிம் அலுமினியம். துருவே பிடிக்காது என்றார் கடைக்காரர். உப்பளத்துக்காரிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? எனக்குத் தங்க வளையலைக் கையில் வாங்கினாற்போல இருந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் பொருத்திப் பார்த்தால் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட இரண்டு விரல் உயரம் குறைச்சல். வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

"உன்ன மாதிரியே இருக்குதுடி. யாரையும் நிமுந்து பாக்க மாட்டேங்குது பாரு" என்றாள் ஓரகத்தி.

சக்கரம் சின்னதாகிவிட்டதால் முன் பிரேக் கட்டை ரிம்மை எட்டவில்லை. பின் பிரேக் போதும் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டிருக்கக் கூடாது. வாங்கப் போகும்போதே பழைய சக்கரத்தை ஒரு கயிற்றால் அளந்து எடுத்துப் போயிருக்க வேண்டும்.

முன்சக்கரம் கொஞ்சம் நெளிந்திருந்தது. அதற்கு ஒரு ஈர்க்குச்சி போதும். ரிம்மை லேசாகத் தொடுகிற மாதிரி ஃபோர்க்கில் கட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். எந்த இடம் குச்சியை இடிக்கிறதோ, அந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று மட்டும் முடுக்கினேன். ஒரே இடத்தில் நிறைய முடுக்கினால் இன்னொரு பக்கம் நெளியும். பொறுமைதான் முக்கியம். நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குச் சிரமமே இல்லை, இந்த வேலை எனக்கென்றே வந்தது போல இருந்தது.

பின்சக்கரத்து அச்சைப் பிரித்துக் குண்டுகளைத் துடைத்துத் தரையில் வைத்தேன். எங்கள் கோழி வந்து ஒன்றைக் கொத்தி விழுங்கிவிட்டது. ஓரகத்தி தெரு முழுக்க அதைத் துரத்தினாள். "அறுத்துடலாம்டி! குண்டுக்குக் குண்டும் ஆச்சு, கொழம்புக்குக் கொழம்பும் ஆச்சு!" நான் விடவில்லை. கடையில் ஒரு குண்டு வாங்கிப் போட்டோம். அதற்குப் பிறகு அச்சைப் பிரிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கோழியைக் கூடைக்குள் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். குண்டுகளை நெருக்கமாக அடைக்கவும் கூடாது. இன்னும் ஒன்றுக்கு இடம் இருப்பதுபோல விட்டால்தான் சக்கரம் சுழலும்.

செயின் மட்டும் மிச்சம். கறுப்பு அழுக்கும் துருவுமாக இருந்தது. எங்கள் வீடுகளில் பித்தளைக் குடம் என்றால் உப்பும் புளியும் வைத்துத் தேய்ப்போம், பொன்னாக மின்னும். உப்புக்கு எங்களுக்குப் பஞ்சமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணி விடாமல் தேய்த்தோம். அப்படி ஒரு பளபளப்பு! கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. ஓரகத்தி நிஜமாகவே போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். பிறகு கொடியில் காயப்போட்டோம்.

சனிக்கிழமை காலையில் கொடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குச்சி தொங்கியது. கண்ணி ஒன்றும் மடங்கவில்லை. நீட்டிப் பிடித்தால் கத்திபோல நின்றது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கழுத்தும் அப்போதுதான் சுருக்கென்று இழுத்தது.

என் கணவர் பார்த்துவிட்டு, "பகலெல்லாம் உப்புலயே நிக்கிறீங்க. உப்பு இரும்ப இன்னா பண்ணும்னு தெரியாதா?" என்றார்.

"கொடத்துக்கு இத்தினி வருசமா ஒன்னும் ஆவலையே!" என்றாள் ஓரகத்தி.

"கொடத்த மிதிச்சிக்கினு யாரு அண்ணி வேலைக்குப் போறாங்க?"

அழுதுகொண்டிருந்த எனக்கு அதில் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, செயினை ஒரு சட்டியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஒரு பகல் முழுக்க ஊறியது. பிறகு ஒவ்வொரு கண்ணியாக விரலால் மடக்கி நிமிர்த்தினேன். ஜபமாலை உருட்டுவது போலத் தொடங்கிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தேன். நாலாவது சுற்றில் செயின் கையில் பாம்புபோல வழிந்தது. துணியால் துடைத்துக் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்தேன். துடைக்காவிட்டால் உப்புத்தூள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடியது! முதல் சவாரிக்கு ஓரகத்தி கேரியரில் ஏறிக்கொண்டாள். "ஒத்து! ஒத்து! வழி உடு! பிரேக்கு ஒன்னுதான்!" என்று அவள் கத்திக்கொண்டு வர, தெருவே வெளியே வந்து பார்த்தது. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு நான் ஆசை தீர மிதித்தேன். மூன்று தெரு சுற்றியும் இறங்க மனமில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோனேன். புதிதாகப் பூட்டிய வண்டியை ஒருமுறை ஓட்டியதும் எல்லா நட்டையும் திரும்பவும் முடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் எல்லாம் கொஞ்சம் தளரும்.

திங்கட்கிழமை விடியும் முன்பே கிளம்பிவிட்டேன். தூக்குவாளியில் கஞ்சியும் ஒரு பெரிய பாட்டிலில் குடிதண்ணீரும் கேரியரில். உப்பளக் கரையில் ஏறியதும் முதுகுக்குப் பின்னால் காற்று தள்ளியது. இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் கிடந்தது. நடுவில் நான் மட்டும். பார்க்க யாரும் இல்லாததால் மணியை அடித்துக்கொண்டே போனேன். தலையில் ஒன்றும் இல்லை! கழுத்தைத் திரும்புகிற மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மடை தெரிந்தது. மேஸ்திரி மடைமேல் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் கம்பி நட்டோடு கழன்று கையோடு வந்தது. முன் பிரேக் எட்டாது. காற்றோ பின்னாலிருந்து தள்ளுகிறது. நாலு பேர் நடுவில் வாய் திறக்காத நான், "தள்ளுங்க! தள்ளுங்க!" என்று உப்பளம் முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டே அவரைக் கடந்து, கரையை விட்டு இறங்கி, பாத்திக்குள் போய்த் தொப்பென்று விழுந்தேன். தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. அடியில் பொருக்காகப் படிய ஆரம்பித்திருந்த உப்பு கரகரவென்று உடைந்தது.

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு ஆவ இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது" என்றார். "உள்ள எறங்கிட்ட இல்ல, அப்படியே போயி மடையத் தொற."

வேலை எனக்குத்தான் என்று அப்போது புரிந்தது. இடுப்புப் புடவையிலிருந்து உப்புத்தண்ணீர் ஒழுக, சிரித்துக்கொண்டே போய் மடைப்பலகையைத் தூக்கினேன். தண்ணீர் சத்தம்போட்டு உள்ளே வந்தது. அவர் அடுத்த பாத்திப் பக்கம் போனதும் வண்டியைக் கரையேற்றினேன். உப்புத்தண்ணீர் பட்ட சைக்கிளை நல்ல தண்ணீர் விட்டு உடனே கழுவ வேண்டும், காயவிட்டால் போயிற்று. அங்கே நல்ல தண்ணீர் என்று இருந்தது என் பாட்டில் ஒன்றுதான். ஒரு சொட்டு விடாமல் செயின்மேல் ஊற்றி, முந்தானையால் கண்ணி கண்ணியாகத் துடைத்தேன். அன்று பகல் முழுக்க நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செயின் மட்டும் குளித்து முடித்த ஜோரில் மின்னிக்கொண்டிருந்தது.