வேண்டுதல் இல்லாத பயணம்

கல்யாணமான மறு வருடத்திலிருந்தே அடைக்கலமேரியும் இருதயநாதனும் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வேளாங்கண்ணிக்குப் போனார்கள். ஓரியூருக்குப் போனார்கள். பூண்டி மாதா கோயிலில் ராத்தங்கி வந்தார்கள். ஆவூர் அவளுடைய பிறந்த ஊர். ஈஸ்டர் முடிந்து அங்கே தேர் ஓடும்போது வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு, சப்பரத்துக்கு உப்பும் மிளகும் போட்டுவிட்டு வருவார்கள். போன இடமெல்லாம் ஒரே வேண்டுதல்தான். அது என்னவென்று ஆலங்குடியில் அவர்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். "போன காரியம் என்னாச்சு?" என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து அவள் இடுப்பைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இருதயநாதன் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, காதில் ஒரு பென்சில். வாய் நிறையப் பேசுகிற ஆள். எந்த ஊரில் யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கடையில் நயமான சரக்கு என்பதெல்லாம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் சொல்லி அவனுக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவினதும் அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்து அன்றைய கதையை அவளுக்குச் சொல்வான். அடைக்கலமேரி திருச்சியைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

ஐம்பத்தாறாம் வருடம் என்று நினைவு. திருச்சியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அன்றாடம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் அதே பேச்சு. கரண்டில் சுற்றுகிற ராட்டினமாம், பனைமரத்தைவிட உயரமாம். மரப்பலகையால் கிணறு மாதிரிக் கட்டி, அதன் சுவரில் ஒருத்தன் மோட்டார் சைக்கிளைப் படுக்கை வசத்தில் ஓட்டுகிறானாம். தாம்பாளம் அகலத்துக்கு அப்பளம் பொரித்துத் தருகிறார்களாம். இருதயநாதன் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நாமளும் ஒரு நாளைக்குப் போயிட்டு வந்துருவோமா?" என்றான்.

அவன் மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அவன் தாய் சவேரியம்மாளின் காதில் விழுந்துவிட்டது.

"பொருட்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. நீங்க ரெண்டு பேரும் போயி யாருக்குப் பலூன் வாங்கப் போறீங்க?"

சவேரியம்மாள் கெட்ட மனுஷி இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறுபடி கடலை புடைக்கப் போய்விடுவாள். ஆனால் அன்றைக்கு அடைக்கலமேரி ஊற்றிய ரசம் இலைக்கு வெளியே போயிற்று. அந்த வருடம் பொருட்காட்சிப் பேச்சு அதோடு நின்றது.

மறு வருடம் பொருட்காட்சி மீண்டும் வந்தபோது இருதயநாதன் கெட்டிக்காரனாகிவிட்டிருந்தான். சவேரியம்மாள் காலைப் பூசைக்குப் போகிற நேரம் பார்த்து, அடைக்கலமேரி தூக்குச்சட்டியில் சோறு வைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"மேரி, எத்தனையோ எடத்துக்குப் போயிட்டோம். போற எடத்துல எல்லாம் முட்டி போட்டுக் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். ஒரே ஒரு தடவை, யாருக்கிட்டயும் ஒண்ணும் கேக்காத எடமாப் பாத்துப் போயிட்டு வருவோம்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. மோரை ஊற்றி மூடியை அழுத்தினாள். "அத்தைக்கு என்ன சொல்றது?" என்றாள். அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு கொஞ்ச நாள் அந்த அடுப்படியில் நடந்த கூத்தை நினைத்தால் அவளுக்குப் பின்னாளிலும் சிரிப்பு வரும். பொருட்காட்சிக்கு ஒரு தடவைகூடப் போகாத மனுஷன், போய் வந்தவர்களிடம் விசாரித்து விசாரித்து அதன் அமைப்பையே மனப்பாடம் செய்துவிட்டான். செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துச் சாணி மெழுகின தரையில் கோடு போடுவான். "இது வாசல். நொழஞ்சதும் இங்கிட்டு வளையல் கடை. அங்கிட்டுப் போனா மோட்டார் சைக்கிள் கெணறு. நேராப் போனா ராட்டினம்." ராட்டினத்துக்கு வட்டம் போட்டு முடிப்பதற்குள் வாசல் காய்ந்து போயிருக்கும். மறுபடி வாசலிலிருந்து ஆரம்பிப்பான்.

எந்தச் சேலை என்பது ஒரு நாள் பேச்சு. அவன் பச்சை என்றான். பச்சை கோயிலுக்குக் கட்டினது, இதுக்கு வேண்டாம் என்று அவள் கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்து வைத்தாள். எப்படி நடப்பது என்பது இன்னொரு நாள் பேச்சு. ஊரில் அவன் முன்னே போவான், அவள் பத்தடி பின்னால் போவாள், அதுதான் வழக்கம். "அங்க நம்மளை யாருக்குத் தெரியும்? பக்கத்துலயே வா," என்றான். பக்கத்தில் என்றால் எந்தப் பக்கம் என்று அவள் கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்து, "பை தொங்காத பக்கம்," என்றான். பொருட்காட்சிக்குத் தோல் பையைக் கொண்டு போக மாட்டோமே என்று அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

தாயிடம் இருதயநாதன் பொய் சொல்லவில்லை. "நானும் மேரியும் திருச்சிக்குப் போயிட்டு வாரோம். ராத்திரிக்குப் பாலக்கரையில அவ சின்னம்மா வீட்டுல தங்கிக்கிறோம்," என்று மட்டும்தான் சொன்னான். திருச்சியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், கைராசிக்காரர் என்று சவேரியம்மாள் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் கடைசியில் தன் பேச்சைக் கேட்டுவிட்டான் என்று அவளே எண்ணிக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது. விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சோறு கிண்டி வாழையிலையில் கட்டினாள். ஒரு மெழுகுவத்தியையும் மருமகள் கையில் வைத்து, "ஆத்தா, டாக்டரம்மாவைப் பாக்குறதுக்கு முந்தி லூர்து மாதா கோயில்ல இதப் பொருத்தி வச்சிட்டுப் போ," என்றாள்.

அடைக்கலமேரி மெழுகுவத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவள் திரும்பிப் பார்த்தபோது, இருதயநாதன் சட்டைப் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

அவன் ஓடுகிற பஸ்ஸிலேயே ஏறினார்கள். டிரைவர் ஆத்மநாதன் தன் சீட்டுக்குப் பின்னால் அவர்களுக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு வேறு ஒருவர் கண்டக்டர். இருதயநாதனுக்கு உட்காரத் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து, "உள்ள போங்க, உள்ள போங்க," என்றான். கூடையைத் தூக்கிவிட்டான். கீரனூரில் ஒரு கிழவருக்கு இடத்தைக் கொடுத்துவிட்டுப் படியிலேயே நின்று வந்தான். அடைக்கலமேரி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டாள். தன் புருஷன் வேலை செய்வதை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

திருச்சியில் இறங்கியதும் முதலில் லூர்து மாதா கோயிலுக்குப் போனார்கள். அவள் மெழுகுவத்தியைப் பொருத்தி வைத்துவிட்டு முட்டி போட்டாள். பழக்கத்தில் அந்த வேண்டுதல் உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, "மாதாவே, இன்னைக்கு ஒண்ணும் கேக்கல. சும்மாதான் வந்தேன்," என்று சொல்லி எழுந்தாள். ஏதோ சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் பொருட்காட்சி. வாசல் வளைவில் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள் எரிந்தன. உள்ளே கடலை எண்ணெய் வாசமும் மனுஷ வாசமும் கலந்து அடித்தன. ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தரையில் தண்ணீரால் போட்ட கோட்டுக்கும் நேரில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. வளையல் கடை இருக்கவேண்டிய இடத்தில் சிரிக்கும் கண்ணாடிக் கூடாரம் இருந்தது. "இது ஒங்க படத்துல இல்லையே?" என்று அவள் கேட்டாள். சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்று உள்ளே போனார்கள்.

ஒரு கண்ணாடியில் இரண்டு பேரும் தென்னை மரம் மாதிரி நீண்டு நின்றார்கள். ஒன்றில் தலை மட்டும் பானையாகப் பெருத்தது. அடுத்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அதில் அவள் முகமும் தோளும் அப்படியே இருந்தன. வயிறு மட்டும் முன்னே தள்ளிக்கொண்டு, நிறைமாதக்காரி மாதிரி உருண்டு நின்றது. கத்தரிப்பூச் சேலை அதன்மேல் விரிந்து கிடந்தது. அவள் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போயிற்று. கண்ணாடிக்குள் இருந்தவளும் அந்தப் பெரிய வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

இருதயநாதன், இவளை எதற்காக இங்கே கூட்டி வந்தோம் என்று பதறி, "வா மேரி, போவோம்," என்று பக்கத்தில் வந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

பக்கத்தில் வந்ததால் அவனும் கண்ணாடிக்குள் வந்துவிட்டான். அவன் வயிறும் உருண்டுகொண்டு வந்தது, அவளுடையதைவிடப் பெரிதாக. அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு முந்தி ஒங்களுக்குப் பொறந்துரும் போலயே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் இடுப்பில் கையை ஊன்றி, பிள்ளைத்தாச்சி மாதிரி ஒரு சுற்று நடந்து காட்டினான். கூடாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். கடைசியில் வந்த தண்ணீர் சிரிப்பில் வந்ததுதானா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அத்தனை வருடம் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தனியாக அழுத அழுகைக்கு இல்லாத ஒரு ஆறுதல் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர்களுக்கு எதிலும் கூச்சமில்லை. அப்பளத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தின்றார்கள். மோட்டார் சைக்கிள்காரன் சுவரில் ஏறியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ராட்டினத்தில் கண்ணை மூடியது அவன். தொட்டில் மேலே ஏறும்வரை வீரமாகத்தான் இருந்தான். உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று, மலைக்கோட்டையின் விளக்குகள் கண்ணுக்கு நேராகத் தெரிந்து, அப்புறம் குபீரென்று கீழே இறங்கியதும், "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று பஸ்ஸை நிறுத்தக் குரல் கொடுக்கிற மாதிரியே கத்தினான். ராட்டினம் நிற்கவில்லை. சுற்றுக்குச் சுற்று அவன் ஹோல்டான் போட, கீழே நின்ற கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அடைக்கலமேரி மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் ஊரைப் பார்த்தாள். காற்றில் முந்தானை பறந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை வீடு திரும்பினார்கள். சவேரியம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"டாக்டரம்மா என்னத்தா சொன்னாங்க?"

இருதயநாதன் ஏதோ முனக ஆரம்பித்தான். அடைக்கலமேரி அவனை முந்திக்கொண்டாள்.

"டாக்டர்கிட்டப் போகல அத்தே. கோயில்ல மெழுகுவத்தி பொருத்துனேன். அப்பறம் பொருட்காட்சிக்குப் போனோம்."

சவேரியம்மாள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். மத்தியானம் இருதயநாதன் வண்டிக்குப் போன பிறகு, முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்த மாமியாருக்கு எதிரே போய் இவளும் உட்கார்ந்து ஒரு கை அள்ளினாள். இரண்டு பேரும் உடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

வெகு நேரம் கழித்து, தலையைக் குனிந்தபடியே சவேரியம்மாள் கேட்டாள். "அந்த ராட்டினம் கீழ வரும்போது வயித்துக்குள்ள என்னமோ செய்யுமாமே?"

"செய்யுது அத்தே. ஒங்க மகன் ஹோல்டான் ஹோல்டான்னு கத்துனாரு."

கிழவியின் உதடு துடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல், மடியிலிருந்த தொலியெல்லாம் சிதறச் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஒங்க மாமாவும் நானும் சேந்து போனது ஒரே ஒரு எடந்தான். கருவாடு வாங்க மீமிசலுக்கு. அப்பத்தான் கடலைப் பாத்தேன். அவுக, நேரமாச்சு வான்னுட்டாக. இன்னும் செத்த நேரம் நின்னிருக்கலாம்." அப்புறம், "அடுத்த வருசம் போனா என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள்.

கூட்டிக்கொண்டு போனார்கள். ராட்டினத்தில் அவள் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினாள்; இறங்கினதும் இன்னொரு தடவை ஏற வேண்டும் என்றாள். அதன் பிறகு டாக்டரம்மா பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அறுபத்திரண்டில் அவள் கண்ணை மூடினாள்.

அடைக்கலமேரிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக அவள் ஆவூருக்குப் போவதை நிறுத்தவுமில்லை. தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். ஊர் நன்றாக இருக்க வேண்டும், பஸ் பத்திரமாகப் போய் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். இருதயநாதன் செக்கிங் இன்ஸ்பெக்டராகி, தலை நரைத்து, பேச்சு மட்டும் குறையாமல் இருந்தான். பொருட்காட்சி வந்த வருடமெல்லாம் இரண்டு பேரும் போனார்கள், பக்கத்தில் பக்கத்தில் நடந்து.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம் பொருட்காட்சி போடவில்லை. அப்போது அவன் வேறு ரூட்டுக்கு மாறியிருந்ததால், அது திருச்சியில் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மைதானத்தில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. திரும்பிப் போவதா என்று யோசித்துவிட்டு, அவித்த கடலை வாங்கிக்கொண்டு ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் பஸ்ஸில் நடந்த கதை ஒன்றை ஆரம்பித்தான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் தாழ்ந்து காற்று குளிர ஆரம்பித்ததும், "போவோமா?" என்று அவன் எழப் பார்த்தான்.

"செத்த நேரம் இருங்க," என்றாள் அடைக்கலமேரி. "கூட்டம் இல்லாம இன்னைக்கு நல்லா இருக்கு."