ஏழாம் கட்டில் கேஸ்

ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் அவளுக்குக் 'கேஸ் டீச்சர்' என்றுதான் பெயர். புத்தகத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வார்டில் உண்மையாக நடந்த ஒன்றைப் பேர் ஊர் இல்லாமல் ஒரு தாளில் எழுதி, நெருக்கடியான இடத்தில் நிறுத்திவிடுவாள். கீழே ஒரே கேள்வி: "இப்போது நீ என்ன செய்வாய்?" பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மீதிக் கதை கிடைக்கும். இருபது வருஷமாக இதே பிடிவாதம்.

அவற்றில் ஏழாம் கட்டில் கேஸ் பொல்லாதது. நோயாளிக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையிலேயே எழுதியிருக்கிறது. டாக்டர் அதையே ஊசி போடச் சொல்கிறார். நர்ஸ் தயங்கினால், "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கத்துகிறார். அதோடு தாள் முடிந்துவிடும்.

அந்த டாக்டர் இப்போது ஆஸ்பத்திரிக்கே தலைவர். பெரிய மனிதர்களுக்குக் காது மட்டும் எப்போதும் கூர்மை. விஷயம் எட்டிவிட்டது. பிரின்சிபால் அம்மா அவளைக் கூப்பிட்டு மென்று முழுங்கினார்.

"அந்தத் தாள் மட்டும் வேணாம்மா. அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"அதில அவர் பேரே இல்லையே மேடம். அவருக்குக் குத்துதுன்னா நான் என்ன பண்ணட்டும்?"

மறுநாள் காலையில் முதல் வேலையாக அதே தாளைத்தான் கொடுத்தாள். நாற்பது பெண்களில் முப்பத்தொன்பது பேர், 'போடமாட்டேன்' என்று வீராப்பாக எழுதிக் கொடுத்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண் மட்டும், 'போடுவேன். டாக்டர் கத்தினால் எனக்குப் பயம்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதைப் படித்துக் காட்டியதும் வகுப்பே சிரித்தது.

"என்ன சிரிப்பு? இவ ஒருத்திதான் பொய் எழுதல. அந்த நர்ஸும் பயந்துதான் போட்டா. அஞ்சு நிமிஷத்துல அந்த ஏழாம் கட்டில் அம்மா உயிர் போயிடுச்சு." டீச்சர் தாளை மேஜைமேல் வைத்தாள். "அந்த நர்ஸ் நான்தான்."

வாசலில் பிரின்சிபால் நின்றிருந்தார்.

"எல்லாத் தாளையும் குடுத்துடும்மா. பெரிய டாக்டர் எடுத்துட்டு வரச் சொல்லிட்டார். நான் என்ன பண்றது, சொல்லு?"

கேஸ் டீச்சர் தாள்கட்டைக் கொடுக்கவில்லை. அதே கேஸில் இன்னும் பதில் எழுதாத ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"கீழ கேள்வி இருக்கு மேடம். உக்காந்து எழுதுங்க. கையெழுத்தும் போடணும்."

பிரின்சிபால் நாற்பது முகங்களையும் பார்த்தார். போய் உட்கார இடம் தேடினார். கடைசி பெஞ்சுப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

வெகுநேரம் கழித்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'எனக்கும் பயம்தான். தாள் இங்கேயே இருக்கட்டும்.'