நாலும் இழுக்கும் வேகன்

அந்த வண்டியைப் பற்றி சுங்கை சிப்புட்டுக்கு முதலில் சேதி கொண்டுவந்தவர் ஒரு மீன் லாரிக்காரர். அவரும் வண்டியைக் கண்ணால் பார்த்தவரில்லை. தெலுக் இந்தானில் யாரோ சொல்லக் கேட்டதை முடிவெட்டும் கடையில் சொன்னார். அங்கே கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்த ராஜு அதைப் பலகைக் கடைக்குக் கொண்டுவந்து, கூட வேலை பார்க்கும் கஸ்பாரிடம் சொன்னபோது, வண்டி பேராக் ஆற்றையே கடந்திருந்தது.

“வெள்ளக்காரன் வச்சிருந்த வேகனாம் மச்சான். ஆத்துல எறங்கி அந்தக் கரையில ஏறிடிச்சாம்லா.”

“எறங்கினப்ப மீன் ஏதும் புடிச்சிச்சா?”

“கிண்டல் பண்ணாத. நாலு சக்கரமும் இழுக்குமாம்.”

“எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தானே.”

“இருக்கிறது நாலு, இழுக்கிறது ரெண்டு. என் வீட்டுல எட்டுப் பேரு திங்கிறாங்க, சம்பாதிக்கிறது நான் ஒருத்தன். அந்த மாதிரி.”

கஸ்பார் சிரித்தார். ஆனால் மத்தியானம் பலகைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ராஜு கேட்காமலேயே, “அது எங்க நிக்குதுன்னு விசாரிச்சியா?” என்றார்.

கஸ்பார் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால் லாரி ஓட்டியவர். எழுபதுகளின் நடுவில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். அவர் டவுனுக்கு வந்து பலகைக் கடை லாரியில் ஏறினார். ஒரே மகள் கத்தரினை, இன்னும் விற்காமல் மிஞ்சியிருந்த வேறொரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் கட்டிக்கொடுத்திருந்தார். தார் ரோட்டை விட்டு இறங்கினால் மலையடிவாரம் வரை செம்மண் பாதைதான். அதைச் செப்பனிட வேண்டியவர் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள்.

தலைப்பிரசவத்துக்குக் கத்தரின் தாய்வீடு வந்தாள். அப்போது கஸ்பாரின் மனைவி இருந்தாள். இப்போது அவள் இல்லை. கத்தரின் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். நவம்பரில் பிள்ளை பிறக்கும். போன வருட நவம்பரில் அவள் குடியிருக்கும் அதே லயத்து வீட்டு வரிசையில் இருந்த காளியம்மாவை வலியோடு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் டிராக்டர் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. தார் ரோட்டை எட்டும்போது காளியம்மா மட்டும்தான் பிழைத்திருந்தாள்.

கஸ்பார் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் மட்டும், செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு அந்தத் திசையைப் பார்ப்பார்.

வண்டி ஈப்போவில் இருந்தது. நில அளவைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்புவதால் விற்கிறார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இருவரும் போனார்கள். ஒரு ரம்புத்தான் மரத்தடியில் கடுகு நிறத்தில் நீளமாக நின்றது. ஜப்பான் வண்டி. அதன் பெயரை அதற்கு முன் அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ராஜு முன்மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தான். கஸ்பார் நேராகப் பின்னால் போய்க் கதவைத் திறந்து, பின்சீட்டை மடக்கிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து ஏறி, காலை நீட்டிப் படுத்துப் பார்த்தார்.

“வண்டி வாங்க வந்தியா, பொட்டி வாங்க வந்தியா?” என்றான் ராஜு.

“கால் இடிக்கல” என்றார் கஸ்பார், படுத்தபடியே.

கியர் பக்கத்தில் இன்னொரு சின்னக் குச்சி இருந்தது. கீழே தள்ளினால் முன்சக்கரம் இரண்டும் இழுக்கும். மேலே தூக்கினால் நாலும் இழுக்கும். வெள்ளைக்காரர் தனக்குத் தெரிந்த மலாயில், சேற்றில் மட்டும் தூக்கினால் போதும் என்றார். கஸ்பார் தலையாட்டினார். அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

காரணம், பழைய தோட்டத்தில் அவர் பார்த்த ஒரு பட்டாளத்து லாரி. அதிலும் இப்படி ஒரு குச்சி உண்டு. வருடக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை. வெள்ளம் வந்த அன்றைக்குத் தொட்டபோது துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. பால்வெட்டும் கத்தியும் அப்படித்தான், நாலு நாள் எடுக்காமல் கூரையில் செருகி வைத்தால் துரு தின்றுவிடும். வேண்டிய நேரத்தில் ஒரு பொருள் வேலை செய்ய வேண்டுமானால் வேண்டாத நேரத்திலும் அதற்கு வேலை கொடுத்துவர வேண்டும் என்பது தோட்டத்துக்காரன் பாடம்.

ஆகவே வண்டியை வாங்கிய நாள் முதல் கஸ்பார் தினமும் காலையில் அந்தக் குச்சியை மேலே தூக்கிவிட்டு, தார் ரோட்டிலேயே கடைக்குப் போய், அப்படியே திரும்பி வந்தார். முச்சந்தியில் திருப்பும்போது வண்டி முரண்டுபிடித்து முனகும். ஸ்டியரிங் கையை எதிர்த்துத் தள்ளும். நாலும் இழுத்தால் பலம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வாரம் தவறாமல் கழுவினார். எண்ணெய் மாற்றினார். டயர் தேய்ந்தபோது, பால் லாரிக்குச் செய்தது போலவே, மேல்ரப்பர் ஒட்டிப் புதுப்பித்த டயர் இரண்டைப் பின்னால் மட்டும் போட்டார். பாரம் பின்னால்தானே வரும்.

ஜூலையில் வண்டியை மேல் டிவிஷனுக்கு ஓட்டிப் போனார். சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். கத்தரினின் மாமியார் இருதயமேரி வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“என்னா சம்பந்தி, இதுக்குத் தீனி என்னா போடுறீங்க? காரா, எருமையா?”

“எருமைதான் சம்பந்தியம்மா. சேத்துல எறங்கறதுக்கு வாங்கினேன்.” கொஞ்சம் தயங்கினார். “இல்லாட்டி, ஒரு மாசம் முன்னாடியே கத்தரின அங்க அனுப்பிடுங்களேன்.”

“மொதப் பிள்ள ஒங்க வீட்டுல. ரெண்டாவது எங்க வீட்டுல. அதான மொற? பொம்பள இல்லாத வீட்டுக்குப் புள்ளத்தாச்சிய அனுப்பினான்னு லயத்துல என்னையத்தான் பேசுவாங்க.”

கத்தரின் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். “எனக்காக எதுக்குப்பா வண்டியெல்லாம்? மொதல்ல மாமிய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. அப்பறம் தானா அனுப்பிடுவாங்க.”

“வாயப் பாரு இவளுக்கு” என்றாள் இருதயமேரி. ஆனால் சிரித்தாள்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வலி எடுத்தால் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்ல வேண்டும். அவர் பலகைக் கடைக்கு போன் போடுவார். கஸ்பார் வந்துவிடுவார்.

“எந்த மழையா இருந்தாலும் வந்துருவேன்” என்றார் கஸ்பார்.

“வாங்க. ஒங்க எருமையும் வரட்டும்.”

அக்டோபரில் ஒருநாள் குச்சி கீழே இறங்க மறுத்தது. திருப்பத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. ஈப்போவில் புந்தோங்கில் பட்டறை வைத்திருந்த ஐயாவுவிடம் மெதுவாக ஓட்டிப் போனார். ஐயாவு வண்டிக்கு அடியில் வெகுநேரம் கிடந்துவிட்டு வெளியே வந்தார்.

“அண்ணே, தார் ரோட்டுல நாலையும் போட்டு ஓட்டினீங்களா?”

“தெனமும்.”

“தெனமுமா?”

“துரு ஏறக் கூடாதுன்னு.”

ஐயாவு கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “நாலு பேரு ஒரு கட்டிலத் தூக்கிட்டுத் திரும்பறாங்கன்னு வச்சுக்குங்க. முன்னாடி போறவனும் பின்னாடி வாரவனும் ஒரே தூரம் நடக்க மாட்டாங்க. சேறுன்னா வழுக்கிச் சமாளிச்சுக்குவாங்க. தார்ல வழுக்காது. இழுக்கிற இழுவ எல்லாம் கட்டிலுக்குத்தான் வரும். முன்டயரு தேஞ்சு கெடக்கு, நீங்க பின்டயர வேற பெருசாப் போட்டிருக்கீங்க. உள்ள பல்லு போயிருச்சுண்ணே.”

“மாத்திடலாமா?”

“இந்த வண்டிக்கு இங்க சாமான் இல்ல. பினாங்குல கேட்டுப் பாக்கிறேன். கிறிஸ்மஸ் தாண்டலாம். இப்போதைக்குப் பின்சக்கரத்துக்குப் போற தண்டக் கழட்டிடுறேன், முன்சக்கரத்துல ஓடும். தார் ரோட்டுக்கு நல்ல வண்டி.”

“தார் ரோட்டுக்கு இத நான் ஏன்லா வாங்கணும்” என்றார் கஸ்பார்.

திரும்பும் வழியில் வண்டி முனகவே இல்லை. திருப்பங்களில் ஸ்டியரிங் வெண்ணெய் போலச் சுற்றியது. இதுநாள் வரை தான் பலம் என்று நினைத்திருந்தது அத்தனையும் வலி என்று அவருக்குப் புரிந்தது. மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது.

மறுநாள் கடையில் ராஜுவிடம் மட்டும் சொன்னார்.

“சம்பந்திகிட்ட மூச்சு விடாத” என்றான் ராஜு. “மழ சும்மா ஏமாத்தினாலும் ஏமாத்தும். டிராக்டர் இருக்குல்ல.”

கஸ்பார் அவனைப் பார்த்தார். ராஜு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். டிராக்டர் என்று சொல்லியிருக்கக் கூடாது.

“இப்பவே வரச் சொல்லிடப் போறேன். பாத காஞ்சு கெடக்கையில.”

“அந்தம்மாதான் பொம்பள இல்லாத வீடுன்னு சொன்னிச்சே.”

“அதுக்குத்தான் ஒங்கிட்ட வந்தேன்.”

ராஜு கையிலிருந்த பலகையை இறக்கி வைத்தான். “நவமணிய அனுப்பறேன். பிள்ள பொறக்கிற வரைக்கும் ஒன் வீட்டுல இருக்கட்டும். எனக்கும் காது குளிரும்.” அன்று சாயந்திரமே அவன் மனைவி நவமணி துணிமூட்டையோடு வந்து இறங்கிவிட்டாள். அடுக்களையைப் பார்த்துவிட்டு, “இதுல எலிதான் பிள்ள பெக்கும்” என்று துடைக்க ஆரம்பித்தாள்.

ஆக, இனிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எருமை சேற்றில் இறங்காது, நீங்கள்தான் முன்னாடியே அனுப்ப வேண்டும். இதை இருதயமேரியிடம் எப்படித் தொடங்குவது என்று கஸ்பார் இரவெல்லாம் புரட்டிப் பார்த்தார். அவள் சிரிக்கட்டும். லயம் முழுக்கச் சிரிக்கட்டும். மகள் பாதையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும்.

காலையில் கடை திறந்ததும் முதலாளியிடம் கேட்டு போனை எடுத்தார். கிராணி மேசைக்கு வந்திருக்கும் நேரம். எண்ணைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. சுற்றி முடிப்பதற்குள் அது மழையாகிவிட்டது.

எதிர்முனையில் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி சுற்றினார். கிராணி, ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்துக்குப் போயிருக்கலாம். வெளியே யாரோ கூப்பிட்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்கோ ஏதோ ஆகி எல்லாரும் லயத்துப் பக்கம் ஓடியிருக்கலாம்.

“எடுத்தாங்களா மச்சான்?” என்றான் ராஜு, ஒரு பலகையைத் தோளில் வைத்தபடி.

கூரைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கஸ்பார் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு போனை மற்றக் காதோடு அழுத்தினார். மணி அடித்துக்கொண்டிருந்தது.