வௌவாலுக்கு விசிறிய மத்தியானம்

கத்திரி வெயிலில் ஆற்றங்கரை மருத மரத்திலிருந்து பழந்தின்னி வௌவால்கள் மயங்கி விழுந்தன. காட்டுயிர் மீட்புக் குழுவில் தன்னார்வலராக இருந்த நான், ஒரு குட்டியை ஈரத்துண்டில் சுற்றிப் பாளையங்கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வௌவால் என்றாலே என் கணவருக்குப் பயம்.

“அதை இங்கன வைக்காத. வெளிய கொண்டு போ,” என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நான் குளுக்கோஸ் கரைக்க அடுக்களைக்குப் போனபோது மின்சாரம் நின்றுவிட்டது. திரும்பி வந்தால், அவர் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டிச் செய்தித்தாளால் அதற்குப் பைய விசிறிக்கொண்டிருந்தார்.

“கண்ணு முழிச்சிட்டு. என்னையத்தான் பாக்குது,” என்றார்.

குட்டி தேறியது. சாயங்காலம் வனத்துறையிடம் ஒப்படைக்க ஆட்டோவில் போனபோது, கூடை அவர் மடியில்தான் இருந்தது. முகத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.