கடலுக்கு முதுகு காட்டி இரை கட்டியது

என் கணவருக்கு நீந்தத் தெரியாது. ஆனால் மீன் பிடிக்கிற ஆசைக்கு மட்டும் குறைவில்லை. எண்பதுகளின் கடைசியில், நாடு விட்டு வந்த புதிதில், ஏவன்டேல் என்ற புறநகரில் வாடகைக்கு இருந்தபோது, சனிக்கிழமை விடிந்தால் அவருக்கு மேற்குக் கரைப் பாறைதான். தனியே அனுப்ப எனக்கு மனம் வராது. இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மனிதர். கடல் என்றைக்காவது அவரைக் கொண்டுபோய்விடும் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. அதனால் நானும் கூடவே தொற்றிக்கொள்வேன்.

இரை கட்டுவது என் பொறுப்பு. அவர் கட்டினால் வீசும்போதே இரைமீன் ஒரு பக்கம், தூண்டில் முள் ஒரு பக்கமாகப் பறக்கும். பெற்றோல் ஷெட்டில் உறைந்த பில்ச்சர்ட் வாங்குவோம். எங்கள் சாளைக்கு அது அண்ணன் முறை. முழுக்க உருகினால் கஞ்சியாகிவிடும். கல்லாக இருந்தால் முள் இறங்காது. அமுக்கிப் பார்த்தால் தோல் இளகி, உள்ளே விறைப்பு மிச்சம் இருக்கவேண்டும். அந்தப் பதத்தில் ஒரு முள்ளை வாலடியிலும் மற்றதை வயிற்றிலும் ஏற்றி, மேலே கணவாய்த் துண்டைப் போர்த்தி, தையல் நூலால் இறுக்கிச் சுற்றுவேன். பக்கத்து நியூ லின்னில் தையல் வேலை பார்த்ததால் நூலுக்குப் பஞ்சமில்லை.

அன்று கடல் சத்தமில்லாமல் கிடந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மேல்பாறை காய்ந்திருக்க, நாங்கள் நின்ற இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

"இஞ்சருங்கோ, இது ஏன் ஈரமாக் கிடக்கு?"

"ராத்திரி மழை பெய்திருக்கும்" என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். மழை என்றால் மேல்பாறையும் அல்லவா நனைந்திருக்கும்? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரைப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

காற்று கடலிலிருந்து வந்தது. இருவரும் கடலுக்கு முதுகைக் காட்டிக் குந்தினோம். யாழ்ப்பாணத்துப் பரவைக் கடலோரம் வளர்ந்தவர்கள் அப்படித்தான் குந்துவார்கள். அங்கே கடல் முழங்காலுக்கு மேல் ஏறாது. காற்றுக்கு முதுகைக் கொடுத்தால் நூல் பறக்காது. அந்தப் பழக்கத்தையும் பெட்டியோடு பெட்டியாக விமானத்தில் ஏற்றி வந்திருந்தோம்.

சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக்காரர் நின்றபடியே இரை கட்டினார். கண் கடலை விட்டு அகலவில்லை, கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

"ஆள் கடலுக்குக் காவல் நிக்கிறார் போலை" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்த மனிதர் மேல்பாறையில் நின்று எங்களைப் பார்த்து இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார்.

முதலில் வெளிச்சம் குறைந்தது. பிறகு தண்ணீர் தலைக்கு மேலால் விழுந்தது. நான் ஒரு பாறை இடுக்கில் போய் மோதி நின்றேன். கண்ணைத் திறந்தால் இவர் இல்லை. தண்ணீர் வடிந்தபோது பாறை விளிம்பில் ஒரு கை தெரிந்தது. அந்த மனிதர் என்னைத் தாண்டி ஓடிப்போய்க் கையைப் பிடிக்க, நான் சட்டையைப் பிடித்தேன். இருவருமாக இழுத்து மேலே போட்டோம்.

இவர் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சொன்ன முதல் சொல்: "இரைப் பெட்டி போயிட்டுது."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "பெட்டியோ? உங்களைக் கொண்டு போயிருந்தா நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

இவர் எழுந்து காரை நோக்கி நடந்தார். காருக்குள் வந்து சாவியைப் போட முயன்றார். இரண்டு முறை துவாரத்தைத் தவறவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நனைந்த உடுப்போடு அப்படியே இருந்தோம். கண்ணாடிக்கு வெளியே அலை மேல் அலையாக வந்தது. நாங்கள் குந்தியிருந்த பாறை இப்போது தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

அதைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "ஆரிட்டைச் சொல்லியிருப்பீர்?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை.