ஏரிக்கரைக் கன்னி மரம்

பெருநகர் கிராமத்து ஏரிக்கரையில் அந்த மரத்தின் எதிரே நிற்கிறேன். நாவல் குடும்பத்தில் ஓர் அரிய வகை. கடலோர மணற்காட்டில் வளர்வது. இத்தனை தூரம் உள்ளே எப்படி வந்ததோ தெரியவில்லை. தண்டில் மஞ்சள் புடவை சுற்றி, கிளைகளில் கண்ணாடி வளையல்கள் மாட்டியிருக்கிறார்கள். வெள்ளைப் பூக்களில் தேனீக்கள் இரைகின்றன. தரையில் ஒரு விதைகூட இல்லை.

நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வரும் இருளர் பெண் ஒருவர் என்னைப் பார்த்து நிற்கிறார்.

"வருஷா வருஷம் பூக்குது சார், காய்ச்சதே இல்ல. ஒண்டியா நின்னுக்கினு கீது. அதான் கன்னியம்மான்னு கும்புடறோம்."

"இது கடலோரத்து மரம்மா."

"அப்டியா! கன்னிங்க ஏழு பேராச்சே. மீதி ஆறு பேரும் அங்கதான் கீறாங்களா?"

இந்த வகை மரத்தைத் தேடி மூன்று மாதமாகக் கடற்கரையோரமெல்லாம் நடந்துவிட்டேன். பழைய தாவரப் பதிவுகள் சொன்ன இடங்களில் இறால் பண்ணைகளும் பங்களாக்களும்தான் இருந்தன.

"இருப்பாங்க" என்கிறேன்.

அவர் கிளையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி என்னிடம் நீட்டுகிறார். "அக்காளுங்கள பாத்தா இத மாட்டு சார். இங்க ஒருத்தி கீறான்னு சொல்லு."

உத்திரமேரூர் பஸ் குலுங்குகிறது. வளையல் உடையாமல் கையிலேயே பிடித்திருக்கிறேன்.