தனகோடி அழித்த பழைய பைத்தான்

இது சத்தியமான உண்மைக் கதை. கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருப்பேன், ஒத்துக்கொள்கிறேன். இழுக்காமல் எந்தத் தோல்தான் அளவுக்கு வந்திருக்கிறது?

தனகோடி நெமிலிக்காரன். ஆம்பூருக்கு வந்து எங்கள் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மேஜையில் நின்றவன், பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிரிவின் ஒரே கம்ப்யூட்டருக்கு மாறினான். எந்தத் துண்டை எங்கே வெட்டினால் கழிவு கம்மி என்று அது காட்டும். ஊரில் அவன் பெண்டாட்டி தீபலட்சுமி, "அவரு கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்று சொல்லும்போது கோயில் மணியே கொஞ்சம் நின்று கேட்கும். அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியில் ஈ உட்கார்ந்தாலும் முறைப்பான்.

போன மாதம் புது சாஃப்ட்வேர் வந்தது. பாதி ஏறியதும் சிவப்பு எழுத்தைக் காட்டி நின்றுவிட்டது. தனகோடி ஒன்பது தடவை அணைத்துப் போட்டான். பேக்கிங் பிரிவு சமீருல்லா எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்குது இல்ல, இதுல இருக்கறது பழசு. புது சாஃப்ட்வேர் புதுச கேக்குது. அத ஏத்தினா போதும்."

"அடடே, இவ்ளோ நாளா எங்கப்பா இருந்த? நாளைக்கு நீயே வந்து ஏத்து" என்றார் சூப்பர்வைசர் ஜெயசீலன்.

அவ்வளவுதான். தனகோடியின் காதிலிருந்து வந்த புகையில் பக்கத்து டேனரியில் தொங்கிய தோலெல்லாம் காய்ந்துபோனது. சமீருல்லாவின் சட்டை எரிச்சல், சிரிப்பு எரிச்சல், அவன் குடித்த டீ கூட எரிச்சல். எனக்கும் லேசாகக் காந்தியது. அந்த நாற்காலியை நானும் பார்த்துக்கொண்டிருந்தவன்தானே.

மறுநாள் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தனகோடி வந்துவிட்டான். போனில் பார்த்துப் பார்த்துப் புது பைத்தானை ஏற்றினான். ஏறியது. கையோடு பழையதை அழித்தான்.

எங்கள் பிரிவில் அதுதான் வழக்கம். தோல் வெட்டும் இரும்பு அச்சு புதிதாக வந்தால், பழையது அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விடும். ரெண்டும் கிடந்தால் சைஸ் கலந்து, ஒரு கால் ஏழும் ஒரு கால் எட்டுமாக ஷூ கப்பல் ஏறும்.

சாஃப்ட்வேர் ஜோராக ஏறியது. தனகோடி மந்திரி மாதிரி சாய்ந்தான். ஷிப்டு தொடங்கியதும் தோல் அளக்கிற மெஷின் ஓடவில்லை. அதே கம்ப்யூட்டரில் இருந்த அதன் ப்ரோக்ராமுக்குப் பழைய பைத்தான்தான் வேண்டுமாம். நாலாயிரம் பேர் கை கட்டி நின்றோம். சரி, நாற்பது.

சமீருல்லா வந்து பழையதையும் திரும்ப ஏற்றினான். "ரெண்டும் ஒரே பொட்டியில இருக்கலாம்ண்ணே. அததுக்கு வேண்டியத அதது எடுத்துக்கும்." மெஷின் ஓடியது.

ஜெயசீலன் திரும்பினார். "சமீர், இனிமே நீ இங்க உக்காரு. தனகோடி, நீ பழையபடி மேஜைக்குப் போ."

இதைச் சொல்லிவிட்டு நான் டீயை எடுத்தேன். தனகோடியின் மச்சான் முத்துக்குமார் பொங்கினான்.

"பழக்கத்துல அழிச்சிட்டாரு. அதுக்கு நாற்காலியவே புடுங்குவாங்களா?"

சமீருல்லாவின் தோஸ்த் வாஹித் பாஷா விடவில்லை. "இன்னா பழக்கம்? சமீர் வந்தா கை வெக்க ஒண்ணும் மிஞ்சக்கூடாதுன்னு அழிச்சாரு. வயித்தெரிச்சல்!"

"யாருக்குய்யா வயித்தெரிச்சல்? பேக்கிங்ல இருந்துக்கினு எங்க பிரிவுல மூக்க நொழச்சது யாரு?"

"நொழைக்கலன்னா இன்னும் சிவப்பு எழுத்தப் பாத்துக்கினு இருப்பீங்க!"

முத்துக்குமார் விருட்டென்று எழுந்தான். பெஞ்சின் அந்த முனை மேலே போக, இந்த முனையில் இருந்த வாஹித் பாஷா தரைக்கு வந்தான்.

"தள்ளிட்டான்யா!"

"நான் எழுந்தேன்யா!"

"ரெண்டு பேரும் உக்காருங்கப்பா" என்றேன். ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "கதைய இழுத்து எங்கள முட்டவிட்டதே நீதானய்யா!"